ஏணி, பீப்பாய், சீப்பு

புயல் கடந்து இது மூன்றாவது நாள். சாய்ந்த மின்கம்பங்கள் சாய்ந்தபடியே கிடந்தன. கைபேசியில் நேரம் மட்டும் பார்க்க முடிந்தது. அதுவும் சார்ஜ் உள்ளவர்களுக்கு.

பெரியவளின் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் ஜெனரேட்டர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையில் இருப்பவரின் மூச்சைக் கவனிப்பதுபோல அந்தச் சத்தத்தை அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று காலை அது இருமத் தொடங்கியது. டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தாள். நுனி மட்டும் நனைந்து வந்தது.

அடைகாக்கும் இயந்திரம் பார்வைக்கு ஒரு பெரிய பீரோ. உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். அடைக்கோழி செய்கிற வேலைகளை அது பங்குபோட்டுச் செய்கிறது. ஹீட்டர் சூடு கொடுக்கும். மோட்டார் தட்டுகளை இப்படியும் அப்படியும் சாய்த்துவிடும். சாய்க்காவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி காற்றை எல்லா மூலைக்கும் கொண்டுபோகும். மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

நாளை பொரிய வேண்டிய முட்டைகளைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றியிருந்தாள். கதவில் காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுக் கீச்சென்று கேட்டது. வெளியே வருமுன்பே குஞ்சுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். இத்தனை வருடத் தொழிலில் அவளுக்கு அலுக்காத அதிசயம் அது. அந்த விஷயத்தில் குஞ்சுகள் அவள் குடும்பத்தைவிடத் தேவலை.

ஏனென்றால், அவளும் அவள் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

சண்டை இதே ஜெனரேட்டரால் வந்தது. கடைத்தெருவில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் தம்பி, பொரிப்பகத்துக்குச் சூரியத் தகடும் பேட்டரியும் போடலாம் என்றான். அவள் டீசல் ஜெனரேட்டரை வாங்கி இறக்கினாள். அவன் ஒன்று சொன்னான், அவள் ஒன்பது சொன்னாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்ப்பவள் சின்னவள், தூரத்து நகரத்தில் வேலையில் இருக்கும் கடைசித் தங்கை. இந்தப் பக்கத்துக் காரமும் அந்தப் பக்கத்துப் புளிப்பும் அவள் வாய்வழியாகப் போகும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ந்து போகும்.

மூணு சாவிப் பெட்டியும் அப்படித்தான் நடந்துவந்தது. அப்பா போனபிறகு மேட்டு நிலத்தை விற்ற பணம் யார் கையில் இருப்பது என்ற கேள்வி வந்தபோது, தம்பிதான் அதைக் கிரிப்டோ என்ற இணையக் காசாக மாற்றி, அதற்கு இப்படியொரு பூட்டையும் போட்டான். ஆளுக்கொரு சாவி. சாவி என்றால் கட்டைவிரல் அளவுக் கருவி. சின்னத் திரை, இரண்டு பொத்தான். மூன்றில் ஏதாவது இரண்டு சாவிகள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி திறக்கும். ஒருவர் மட்டும் அள்ளிக்கொண்டு போக முடியாது. ஒருவர் தன் சாவியைத் தொலைத்தாலும் பணம் தொலையாது. பொரிப்பகத்துக்கு ஆபத்து என்றால் மட்டுமே திறப்பது என்று பேச்சு.

இரண்டாவது கையெழுத்து வேண்டியபோதெல்லாம் பெரியவள் சின்னவளைத்தான் கேட்பாள். தம்பியும் சின்னவளைத்தான் கேட்பான்.

இன்று சின்னவளுக்குப் போன் போகாது.

பெரியவள் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு டீசல் டிப்போவுக்கு நடந்தாள். டிப்போக்காரர் கையை விரித்தார். இருந்த டீசல் நேற்றே மருத்துவமனைக்குப் போய்விட்டதாம். லாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், தலைமைக் கிடங்கில் நிற்கிறது; டிப்போவும் கிடங்கும் பேசிக்கொள்ளும் ரேடியோவில் அப்படிச் சொன்னார்களாம். பாலத்தில் விரிசல், எரிபொருள் வண்டிகளை மட்டும், அதுவும் பொழுது சாயும்வரைதான் விடுகிறார்கள். மற்றவர்கள் நடந்துகூடக் கடக்கக்கூடாது. கிடங்கு முதலாளி பணம் வராமல் ஒரு பீப்பாயையும் ஏற்றமாட்டார்.

அவளிடம் இருந்த ரொக்கம் முதல் இரண்டு நாள் டீசலுக்கே சரியாகிவிட்டது. ஏ.டி.எம். இருண்டு கிடந்தது. கடன் கேட்டாள்.

"நான் குடுப்பேன்மா. அந்தப் பக்கத்து ஆளு குடுக்கமாட்டாரே" என்றார் டிப்போக்காரர். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல, வாசல் பலகையை நோக்கித் தாடையை அசைத்தார். அங்கே கட்டம் கட்டமாக ஒரு கறுப்புவெள்ளைச் சதுரம் ஒட்டியிருந்தது. கப்பல்காரர்கள் கிரிப்டோவில் கொடுப்பதால் கிடங்கு அதையும் வாங்கும். சதுரத்தில் இருப்பது கிடங்கின் கிரிப்டோ முகவரி. சின்னவள் போன முறை ஊருக்கு வந்தபோது இதே இடத்தில் நின்று அதைப் படம் பிடித்தது அவளுக்கு நினைவு வந்தது. கண்டதையெல்லாம் படம் பிடிப்பது சின்னவளின் பழக்கம்.

இங்கே நெட் செத்துக் கிடக்கும்போது எப்படி அனுப்புவது என்று டிப்போக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் கடைத்தெருவில் இருந்தான். இரண்டாவது சாவியும் அங்கேதான் இருந்தது.

தம்பியின் கடையில் ஊரே சார்ஜுக்கு நின்றது. மேசை முழுக்கக் கைபேசிகள், ஒயர்கள். அக்கா வாசலில் வந்து நின்றதும் பேச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. அவன் கையிலிருந்த சர்க்யூட் போர்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"சின்னவளுக்கு ஏதாவதா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. டீசல் தீர்ந்துபோச்சு."

அவன் இரண்டு வருடமாகக் காத்திருந்த வாக்கியம் அது. அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மின்விசிறி எத்தனை வாட்?" என்றான் அவன்.

தள்ளுவண்டியில் இரண்டு பேட்டரிகளை ஏற்றினான். லேப்டாப்பையும் தன் சாவியையும் பையில் போட்டுக்கொண்டான். சொல்லவேண்டியதெல்லாம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன், இப்போது வண்டியின் அந்தப் பக்கத்தைப் பிடி என்றான். பிடித்தாள்.

மின்விசிறியும் தட்டு சாய்க்கும் மோட்டாரும் பேட்டரியில் ஓடத் தொடங்கின. ஹீட்டரை இதில் போட்டால் நொடியில் குடித்துவிடும் என்று தம்பி கவலைப்பட்டான். பகலில் ஹீட்டர் வேண்டாம் என்றாள் அவள். பாதி நாள் தாண்டிய முட்டைகளுக்குள் குஞ்சு வளர்ந்து தானே சூடு விடும். விசிறி அந்தச் சூட்டை எடுத்துப்போய்ப் புது முட்டைகளுக்குக் கொடுக்கும். பெரியவை சின்னவற்றைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பொழுது சாய்ந்து குளிர் இறங்கினால் அது போதாது. நாளைய குஞ்சுகளுக்கு நிச்சயம் போதாது.

அவன் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சின்ன பேட்டரி போதும்னு சொல்லியிருப்பேன்."

"நீ கேட்டாத்தானே."

முட்டை அடுக்கும் மேசையில் லேப்டாப்பைத் திறந்தான். அவளுக்கு முதலிலேயே ஒரு சந்தேகம். டிப்போ ரேடியோவில் வங்கிப் பணத்தையே அனுப்பச் சொல்லக் கூடாதா?

அவன் பொறுமையாக விளக்கினான். வங்கிக்கு, கேட்பது நீதான் என்று தெரிய வேண்டும். உன் போனுக்கு எண் அனுப்பும். போன் வேலை செய்யவில்லை. வேறு ஆள் உனக்காகச் செய்யவேண்டுமென்றால் உன் கடவுச்சொல்லை ரேடியோவில் ஊரறியச் சொல்ல வேண்டும். கிரிப்டோவில் கடவுச்சொல் வெளியே போவதே இல்லை. காசு போனுக்குள் இல்லை, இந்த ஊரிலும் இல்லை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கை வைத்திருக்கின்றன. நம் ஊர் இருண்டால் அந்தக் கணக்கு இருளாது. நாம் எழுதுகிற சீட்டு அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

"சீட்டை எழுத நெட் வேண்டாமா?"

"எழுத வேண்டாம். கையெழுத்துப் போடவும் வேண்டாம். கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வேணும்."

"கொண்டுபோறவன் தொகையை மாத்திட்டா?"

"ஒரு எழுத்தை மாத்தினாலும் கையெழுத்து பொருந்தாது. சீட்டு செல்லாது."

"அப்ப காசு தொலைஞ்சிடுமா?"

"தொலையாது. காசு இருந்த இடத்துலயே இருக்கும். ஊரே ஒட்டுக்கேட்டாலும் அவங்களால செய்யமுடிஞ்சது ஒண்ணுதான், அதே சீட்டை அதே ஆளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாம். நமக்கு வேலை மிச்சம்."

அவளுக்கு இது பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டே போனாள். பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று இந்த லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? கடைசியாக நெட் இருந்தபோது பார்த்த நிலவரம் என்றான் அவன். அதில் ஒரே ஒரு பெரிய காசு தெரிந்தது. நோட்டுபோல அது முழுசாகத்தான் வெளியே வரும். கொடுக்கவேண்டியது ஒரு பக்கம் போக, மீதிச் சில்லறை மறுபடி பெட்டிக்கு வரும்.

டிப்போ சதுரத்தை அவன் வரும் வழியிலேயே படம் எடுத்திருந்தான். முகவரியையும் தொகையையும் இட்டு, அவள் சாவியை லேப்டாப்பில் செருகினான்.

"திரையில என்ன இருக்குன்னு முழுசாப் படிச்சுட்டு அமுக்கு. படிக்காம அமுக்கிறவங்களுக்காக இல்ல இதைச் செஞ்சது" என்றான், வாத்தியார்போல.

அவள் படித்தாள். முகவரியின் கடைசி எழுத்துகளை எங்கோ பார்த்ததுபோல இருந்தது. டிப்போவுக்குத்தான் மாதத்தில் நான்கு முறை போகிறோமே என்று எண்ணி அமுக்கினாள். பிறகு அவன் தன் சாவியைச் செருகி அமுக்கினான். திரையில் சீட்டு வந்து நின்றது: பத்து எண்களும் ஆறு ஆங்கில எழுத்துகளும் மாற்றி மாற்றி, எழுநூறுக்கும் மேல். ஏ முதல் எஃப் வரைதான், அதற்குமேல் எழுத்தே கிடையாது.

லேப்டாப்பைக் காலி முட்டைத் தட்டு ஒன்றில் வைத்து, தள்ளுவண்டியில் டிப்போவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரேடியோ ஒரு லாரி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் கிடங்கின் கணக்குப் பெண். அந்தப் பக்கம் நெட் இருந்தது. சீட்டை வாங்கி வலையில் போட அவள் சம்மதித்தாள். ஆனால் பியும் டியும் ஈயும் ரேடியோ இரைச்சலில் ஒரே மாதிரி இருக்குமே என்றாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். பெரியவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த ஏணியும் வரிசையாக நின்ற பீப்பாய்களும் கண்ணில் பட்டன.

"ஏ-க்கு ஏணி. பி-க்கு பீப்பாய்" என்றாள்.

டிப்போக்காரர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் காட்டினார். டி-க்குத் தேட வேண்டியிருக்கவில்லை, டீசல். மழைக்குப் பின் விளக்கடியில் செத்துக் கிடந்த ஈசல் ஈ-க்கு ஆயிற்று. எஃப்-தான் இழுத்தடித்தது. தம்பி கண்ணை மூடி யோசித்து, எஃகு என்றான். அக்கா அவனைப் பார்த்த பார்வையில் இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு பாராட்டு இருந்தது.

லேப்டாப் பக்கம் அவன் அமர்ந்தான். மைக் அவள் கையில். அவன் படிக்க, அவள் ரேடியோவில் சொல்ல, மறுமுனை திருப்பிச் சொல்ல வேண்டும். சீப்பு, மூணு, மூணு, ஈசல். ஏணி, பூஜ்யம், எஃகு, ஒண்ணு. ஒரு வரி முடிந்ததும் சரியா என்று கேட்டு அடுத்த வரி. பாதியில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மைக்கைத் தான் வாங்கிக்கொண்டான்.

"ரெண்டு வருஷமாப் பேசலைன்னு சொன்னாங்க. மொத்தமா இன்னைக்கே பேசி முடிச்சிடுவாங்க போல" என்றார் டிப்போக்காரர், யாரிடமென்றில்லாமல்.

கடைசி எழுத்து போனபோது வெயில் சாய்வாக வாசலுக்குள் வந்திருந்தது. மறுமுனையில் தட்டச்சுச் சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் குரல், தயக்கத்தோடு.

"அக்கா, ஏத்துக்கலை. எழுத்துல தப்பு இல்ல. இந்தக் காசு ஏற்கெனவே செலவாயிடுச்சுன்னு வருது."

தம்பி இன்னொரு முறை பார்க்கச் சொன்னான். இன்னொரு முறையும் அதேதான்.

பெரியவள் அவனை நோக்கித் திரும்பினாள். இரண்டு கையெழுத்து இல்லாமல் பெட்டி திறக்காது. சின்னவள் கையெழுத்து ஒன்று என்றால், மற்றது?

"நான் எடுக்கலை" என்றாள்.

"நானும் எடுக்கலை."

"அப்ப காத்து வந்து கையெழுத்துப் போட்டுச்சா?"

"அதை நான்ல கேக்கணும். ஜெனரேட்டர் வாங்கறப்ப யாரைக் கேட்ட? இதுக்கு மட்டும் கேட்டிருப்பியா?"

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அவன் ஒன்று சொன்னான், அவள் ஒன்பது சொன்னாள். டிப்போக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார், அந்தப் பக்கம் கேட்டுவிடப்போகிறதே என்று. அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். பெட்டிக் கதவுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்ற அந்தப் பேச்சு, குளிர் ஏற ஏற ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

அந்தப் பயம்தான் அவளை நிறுத்தி யோசிக்கவைத்தது.

"கடைசியா நீ எப்ப சாவியைத் தொட்டே?" என்று கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவனும் குரலை இறக்கினான். போன மாதம் என்றான். சின்னவள் ஒன்று அனுப்பினாள். வருடத்துக்கு ஒருமுறை சாவி வேலை செய்கிறதா என்று ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும், அண்ணா, சும்மா ஒரு கையெழுத்து என்றாள். போட்டான்.

பெரியவளின் வாய் திறந்தபடி நின்றது. அவளுக்கும் அதே மாதம் அதே ஒத்திகைதான் வந்தது. அக்கா, சும்மா ஒரு கையெழுத்து. போட்டாள். நீதான் முதல் ஆள் அக்கா என்று சின்னவள் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

"எனக்கு வந்தப்ப அதுல ஒரு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது" என்றான் அவன் மெதுவாக. "நான் போட்டதும் முழுமைன்னு காட்டிச்சு. மத்தது சின்னவளோடதுன்னு நினைச்சேன்."

"அது என்னோடது."

தன் சாவியைச் சின்னவள் தொடவே இல்லை. பேசிக்கொள்ளாத இரண்டு பேரை, அவர்களுக்கே தெரியாமல், ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடவைத்திருக்கிறாள். இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"திரையில என்ன இருந்துச்சு?" என்றாள் அக்கா.

தம்பியின் காது சிவந்தது.

"படிக்காம அமுக்கினியா, வாத்தியாரே?"

"நீ?"

அந்தக் கேள்வியில்தான், காலையில் திரையில் பார்த்த கடைசி எழுத்துகள் மறுபடி கண்முன் வந்தன. எங்கோ பார்த்ததுபோல இருந்ததே, அது டிப்போ பலகையில் இல்லை. பலகையில் இருப்பது வெறும் சதுரம்; அதில் எழுத்து ஏது? எழுத்தாக அதைப் பார்த்தது தன் சாவியின் திரையில், ஒத்திகையன்று, பொத்தானை அமுக்குகிற அவசரத்தில். அவள் மைக்கை எடுத்தாள்.

"அம்மாடி, அந்தக் காசு எங்க போயிருக்குன்னு உன்னால பார்க்க முடியுமா?"

பார்க்கலாம் அக்கா, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றது குரல். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு சிரிப்பு, உடனே அடக்கிக்கொண்ட சிரிப்பு.

"அக்கா, இது எங்க முகவரிதான்."

புயலன்று காலை வந்திருந்தது அந்தப் பணம். இங்கே நெட் முந்தின இரவே போய்விட்டது. நகரத்தில் சின்னவளிடம் இருந்தது. முன்பே கையெழுத்து வாங்கி மடித்து வைத்திருந்த சீட்டை, காற்று கிளம்பிய சேதி கேட்டதும் எடுத்து வலையில் போட்டிருக்கிறாள். சொல்லத்தான் போன் கிடைத்திருக்காது. சதுரத்தைப் படம் பிடித்தது எதற்கென்று பெரியவளுக்கு இப்போது புரிந்தது. நேராகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் புரிந்தது. தம்பி சரி என்றால் அவள் வேண்டாம் என்றிருப்பாள். அவள் சரி என்றால் அவன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிரிப்டோவில் பணம் வரும், பெயர் வராது. யாருடையது என்று தெரியாமல் கிடங்கு அதைத் தனியே வைத்திருந்தது. அதற்குள் இரண்டு பேர் வந்து எங்களுடையது என்று சொல்லிப் பார்த்துவிட்டார்களாம். முதலாளியே ரேடியோவுக்கு வந்தார். யார் வேணும்னாலும் என்னுதுன்னு சொல்லலாம்மா, நான் எதை வச்சு நம்பறது என்றார். நியாயமான கேள்வி.

வாசலில் வெயில் இன்னும் கொஞ்சம் நீண்டது. தம்பி நகத்தைக் கடித்தான். அவள் காலையில் கேட்ட பாடத்தை முதலிலிருந்து ஒருமுறை மனதில் ஓட்டினாள்.

"டேய், இப்ப நாம அனுப்பின சீட்டு செல்லாதுதான். அதுல இருக்கிற கையெழுத்து பொய்யா?"

"இல்ல. கையெழுத்து நிஜம். காசுதான் இல்ல..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

அதே காசு, அதே பூட்டு. அந்தப் பூட்டின் சாவி இல்லாதவனால் அப்படியொரு சீட்டை எழுதவே முடியாது. உரிமை கேட்டு வந்த அந்த இருவரையும் இதேபோல ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றான் மைக்கில். மூச்சுவிட மறந்தவன்போல, எந்த இடத்தில் எதை ஒப்பிட்டுச் சோதிப்பது என்று கணக்குப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் சோதித்தாள். பொருந்தியது. இரண்டு கையெழுத்துமே பொருந்தின.

"லாரி கிளம்புது" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார்.

பெரியவள் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"இப்ப சொல்லட்டுமா, சொல்லவேண்டியதை?"

"சொல்லு."

"ஜெனரேட்டரும் வேணும்தான். ஆனா விசிறிக்கு ஒரு பேட்டரி வச்சுக்கோ. சின்னது."

"நீயே கொண்டுவந்து மாட்டு" என்றாள் அவள்.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் லாரி பாலத்தைத் தாண்டி வந்தது. முதல் பீப்பாய் பொரிப்பகத்துக்குப் போனது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டிக் கதவில் அக்கா ஒரு காதும் தம்பி ஒரு காதும் வைத்துக் கேட்டார்கள். உள்ளே பேச்சு நிற்கவில்லை.

தள்ளுவண்டியையும் லேப்டாப்பையும் எடுக்க அவர்கள் டிப்போவுக்கு வந்தபோது ரேடியோ அழைத்துக்கொண்டிருந்தது. கணக்குப் பெண்தான்.

"அக்கா, ஒரு விஷயம். அந்தப் பெரிய காசு முழுசும் எங்களுக்கு வரலை. ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. எங்க பங்கு சின்னது. பெரிய பங்கு வேற ஒரு முகவரிக்குப் போயிருக்கு."

மீதிச் சில்லறை பெட்டிக்குத்தானே திரும்பியிருக்கும் என்றாள் பெரியவள். இருக்கலாம், முகவரியைப் பார்த்து யாருடையதென்று தன்னால் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். தம்பிதான் சொன்னான்: பெட்டியின் முகவரிகள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கின்றன. நெட் இல்லாமலே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்தினால் சில்லறை. பொருந்தாவிட்டால், சின்னவள் இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறாள்.

மேட்டு நிலத்தின் விலை கிட்டத்தட்ட முழுவதும் அந்தப் பெரிய பங்கில் இருந்தது.

"படிக்கட்டுமா அக்கா?"

பெரியவள் காலி முட்டைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, பேனாவை எடுத்துக்கொண்டாள். தம்பி லேப்டாப்பைத் திறந்தான்.

"படிம்மா."

"ஆனா இதுல எஃகோட நிக்கலையே அக்கா. ஜி இருக்கு, கே இருக்கு, கியூ இருக்கு, இசட் வரைக்கும் இருக்கு. அந்த ஆறு வார்த்தை போதாது."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிப்போக்காரர் சீப்பைப் பைக்குள் வைத்துவிட்டு, இருவருக்குமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஜி-க்கு என்னடா?" என்றாள் பெரியவள்.